சிங்கப்பூர் வீட்டில் டர்னிப்: சின்னக் கிழங்கு, நிறையக் கீரை

டர்னிப் குளிர்ப் பருவத்துப் பயிர். பகலில் 15 முதல் 20 டிகிரி, இரவில் அதைவிடக் குறைவு என்றால் அதற்குக் கொண்டாட்டம். நமக்கோ பகலில் 31, 32 டிகிரி. இரவிலும் பெரும்பாலும் 24, 25க்குக் கீழே இறங்குவதில்லை. அப்படியானால் இங்கே விளையவே விளையாதா? விளையும். ஆனால் கடையில் பார்க்கிற, உள்ளங்கை நிறைய இருக்கும் ஊதா வெள்ளைக் கிழங்கை மனத்தில் வைத்துக்கொண்டு விதை போட்டால் ஏமாற்றம்தான். எலுமிச்சம்பழ அளவில் கிழங்கு, அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை பறித்துச் சமைக்கக் கீரை என்று வைத்துக்கொண்டால் புளோக் வீட்டுத் தாழ்வாரத்திலேயே எடுத்துவிடலாம்.

பகல் வெயிலைவிட இரவுச் சூடுதான் டர்னிப்புக்குப் பெரிய சிக்கல். பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை, இரவு முழுக்கச் செடி சுவாசித்தே செலவழிக்கிறது. இரவு எவ்வளவு வெதுவெதுப்போ, செலவும் அவ்வளவு. மிச்சம் இருந்தால்தானே கிழங்கில் சேரும்? அதனால்தான் இங்கே இலை தளதளவென்று வரும், கிழங்கு மட்டும் கஞ்சத்தனம் செய்யும். போதாக்குறைக்கு, சூட்டில் நாளைக் கடத்திய கிழங்கு நாரோடிப்போய், கடித்தால் கடுகுபோலக் காரமும் கசப்பும் ஏறிவிடும். ஆகவே சீக்கிரம் விளையும் ரகமாகப் பார்க்க வேண்டும், மண்ணைச் சூடேறாமல் வைக்க வேண்டும், பெரிதாகட்டும் என்று காத்திராமல் பிடுங்க வேண்டும். கீழே வருகிற வேலைகளெல்லாம் இந்த மூன்றுக்காகத்தான்.

எந்த விதை வாங்குவது

விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் எத்தனை நாளில் அறுவடை என்று போட்டிருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள். 35 முதல் 45 நாள் என்று இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானிய வெள்ளை ரகங்கள்தான் இதற்குத் தோது. ஹக்குரெய், தோக்கியோ கிராஸ் இரண்டும் பெயர் பெற்றவை. கிழங்கு சின்னது, தோல் மெல்லியது, பச்சையாகவே தின்னலாம், இலையில் சுணையும் குறைவு. ‘பர்ப்பிள் டாப் ஒயிட் குளோப்’ என்று எழுதியிருக்கிற, மேலே ஊதாவும் கீழே வெள்ளையுமான பழைய ரகம் 50 முதல் 60 நாள் கேட்கும். அது குளிருக்கென்றே ஆன ரகம். இங்கே கீரைக்காக வேண்டுமானால் அதைப் போடலாம், கிழங்கை எதிர்பார்க்க வேண்டாம்.

கடையில் கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். இங்குள்ள ஈரச்சந்தையில் டர்னிப் என்றால் போப்பியாவுக்குள் துருவி வைக்கிற பங்குவாங்கைத்தான் பலரும் எடுத்துத் தருவார்கள். அது அவரைக் குடும்பத்துக் கொடி. அதன் விதை நஞ்சு. அதனால் விதைப் படத்தையும் ‘பிராசிக்கா ராப்பா’ என்ற தாவரவியல் பெயரையும் பார்த்து வாங்குங்கள். நூக்கலும் வேறு, அது தரைக்கு மேலே தண்டில் பருப்பது.

தாம்சன் சாலைப் பக்கமும் சுங்கை தெங்கா பக்கமும் உள்ள நர்சரிகளிலும், இணையக் கடைகளிலும் தேடலாம். ஊருக்குப் போய்வரும்போது விதை வாங்கி வரும் வழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. பெட்டியில் போடுவதற்கு முன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எப்போது விதைப்பது

ஆண்டு முழுக்க ஒரே வெயில் என்று நாம் சலித்துக்கொண்டாலும், செடிக்கு அந்த ஒன்றிரண்டு டிகிரி பெரிய விஷயம். டிசம்பரும் ஜனவரியும்தான் இங்கே குளுமையான மாதங்கள். வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும்போது வெப்பநிலை 23, 24 வரைகூட இறங்கும். கார்த்திகை தீபம் முடிந்த கையோடு விதைத்தால் பொங்கலையொட்டிப் பிடுங்கலாம். முதன்முறை வளர்க்கிறவர்களுக்கு இதைவிட நல்ல சமயம் கிடையாது.

ஆனால் இது கூரை உள்ள தாழ்வாரத்துக்கும் பால்கனிக்கும் சொல்வது. திறந்த வெளியில், சமூகத் தோட்டத்தில் வளர்ப்பவர்களுக்கு டிசம்பர் மழை விதையை அடித்துக்கொண்டு போய்விடும், மண்ணை இறுக்கிவிடும். அவர்கள் ஜனவரி பாதிக்கு மேல் விதைப்பது நல்லது. பிப்ரவரியில் மழை குறைந்து காற்று வீசும், வெயிலும் நன்றாகக் கிடைக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் டர்னிப்பை மறந்துவிடுங்கள். அனல் நாட்கள், காற்றும் இருக்காது. அந்தச் சமயம் வெண்டையும் தண்டுக்கீரையும் போட வேண்டிய காலம். ஜூனுக்கு மேல் கீரைக்காக மறுபடி முயலலாம்.

எங்கே வைப்பது

குறைந்தது நாலு மணி நேரம் நேர்வெயில் வேண்டும், ஆறு இருந்தால் உத்தமம். அதுவும் காலை வெயிலாக இருக்க வேண்டும். கிழக்குப் பார்த்த தாழ்வாரமோ பால்கனியோ இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மேற்குப் பார்த்த வீடென்றால் மத்தியானம் 1 மணியிலிருந்து 4 மணிவரை 30 விழுக்காட்டு நிழல்வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள். நாலு மணி நேரம்கூட வெயில் இல்லாத இடத்தில் கிழங்கு வைக்காது, வீணாக மெனக்கெட வேண்டாம். ஏர்கான் அறையில் விளக்குப் போட்டு வளர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வளர்க்கலாம். மின்கட்டணத்தோடு கணக்குப் பார்த்தால் ஜப்பானிலிருந்து விமானத்தில் வந்ததையே வாங்கிவிடலாம்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) தாழ்வாரத்தில் வைப்பவர்கள் சில விஷயங்களை மறக்கக் கூடாது. ஆட்கள் தடையில்லாமல் வெளியேற 1.2 மீட்டர் வழி எப்போதும் விட்டிருக்க வேண்டும். இது தீப்பாதுகாப்பு விதி. கைப்பிடிச் சுவரின் மேலோ வெளிப்பக்கமோ தொட்டி வைக்கவே கூடாது. கீழே விழுந்தால் உயிர் போகும், வழக்கும் வரும். தண்ணீர் கீழ்மாடிக்குச் சொட்டாமல் தட்டு வைக்க வேண்டும். அப்படி வைத்த தட்டில் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைக் கவிழ்த்துத் துடையுங்கள். தட்டே வேண்டாம் என்று நினைத்தால், குறைவாக ஊற்றிப் பழகுவதுதான் வழி.

தரையில் வளர்க்க ஆசையென்றால், புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்தரையில் நாமாகத் தோண்டி நட முடியாது, அனுமதி வேண்டும். பேட்டையில் சமூகத் தோட்டம் இருக்கிறதா என்று வசிப்போர் குழுவில் விசாரியுங்கள். 2005இல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தில் இப்படிப்பட்ட தோட்டங்கள் தீவு முழுக்க வந்துவிட்டன. தனிப் பாத்தி வேண்டுமென்றால் தேசியப் பூங்காக் கழகம் சில பூங்காக்களில் வாடகைக்கு விடுகிறது. ஏறக்குறைய இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள உயர்த்திக் கட்டிய பாத்தி அது. டர்னிப்புக்கு அதில் ஒரு மூலை போதும்.

பெட்டியும் மண்ணும்

தொட்டியைவிட நான் சிபாரிசு செய்வது, சந்தையில் மீனும் பழமும் வந்திறங்கும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டி. ஈரச்சந்தையில் காலை வியாபாரம் முடிகிற நேரம் கேட்டால் சும்மாவே தருவார்கள். பனிக்கட்டியை உருகாமல் காக்கிற அதே பெட்டி வெயில் சூட்டையும் மண்ணுக்குள் விடாது. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியைப் பத்து மணி வெயிலில் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும். ஆழம் 20 செ.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். மீன் பெட்டியாக இருந்தால் சோப்புப் போட்டுக் கழுவி ஒருநாள் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூனை வந்து மண்ணைக் கிளறும்.

அடியில் ஸ்குரூ டிரைவரால் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பத்துத் துளையாவது போடுங்கள். இரண்டு செங்கல் வைத்து அதன்மேல் பெட்டியைத் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடியவும் காற்று போகவும் இது வேண்டும். மண் நிரப்பி நனைத்துவிட்டால் அந்தப் பெட்டியை ஒரு ஆள் நகர்த்த முடியாது. இடத்தைத் தீர்மானித்துவிட்டு அங்கேயே நிரப்புங்கள்.

60க்கு 40 செ.மீ. பெட்டிக்குச் சுமார் 40 லிட்டர் மண்கலவை பிடிக்கும். கடையில் விற்கும் காய்கறிச் செடி மண் இரண்டு பங்கு, மட்கிய உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, தென்னைநார்த் தூள் ஒரு பங்கு. நார்த்தூளை இரண்டு முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். தரையில் தோண்டிய களிமண்ணை மட்டும் கொண்டுவந்து போடாதீர்கள். மழையில் கஞ்சி, வெயிலில் ஓடு. அதற்குள் கிழங்கு கோணல் மாணலாகத்தான் வரும். கல், குச்சி, கட்டி எதுவும் இல்லாமல் விரல்விட்டுக் கிளறிப் பாருங்கள். புளிப்பு மண் இதற்கு ஆகாது, கார அமில அளவு 6 முதல் 7.5 வரை இருக்கலாம். அளக்கக் கருவி இல்லாவிட்டால், கழுவிக் காயவைத்துப் பொடித்த முட்டை ஓடு ஒரு கைப்பிடி கலந்துவிடலாம். அது கரைய மாதக்கணக்காகும்; இந்தப் போகத்துக்கு உதவாது, அடுத்ததற்கு உதவும்.

விதைப்பது

நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாதீர்கள். கிழங்காகப் பருக்கப்போவது வேரின் மேல்பகுதியும் அதையொட்டிய அடித்தண்டும்தான். நடும்போது ஆணிவேர் கொஞ்சம் மடங்கினாலும் கிழங்கு வால் முறுக்கிக்கொண்டு வரும். நேராகப் பெட்டியிலேயே விதைக்க வேண்டும்.

விதை கடுகைப் போலவே இருக்கும், இரண்டும் ஒரே குடும்பம்தானே. ஈரமான மண்ணில் ஒரு செ.மீ. ஆழத்துக்குப் பென்சிலால் கோடு கிழியுங்கள். கோட்டுக்குக் கோடு 12 செ.மீ. விடலாம். விரல் நுனியில் எடுத்து இரண்டு செ.மீ.க்கு ஒன்று விழுகிற மாதிரி போட்டு, மேலே நார்த்தூளைத் தூவி மூடுங்கள். பூவாளியில் மெல்லத் தெளியுங்கள். நம் சூட்டில் முளைப்பதற்கு ஒரு குறையும் இல்லை, இரண்டு முதல் நாலு நாளில் இதய வடிவ விதையிலை இரண்டும் வெளியே வந்துவிடும். பெட்டி முழுவதையும் ஒரே நாளில் விதைக்காமல் பாதியை இன்றும் மீதியை இரண்டு வாரம் கழித்தும் விதைத்தால் சமையலுக்கு விட்டுவிட்டுக் கிடைக்கும்.

பூச்சிவலையை விதைத்த அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஏன் என்று பூச்சிப் பகுதியில் சொல்கிறேன்.

செடி கலைப்பது

கிழங்கு வைக்காமல் போவதற்கு, சூட்டுக்கு அடுத்த காரணம் நெருக்கம். முளைத்துவந்த செடியைப் பிடுங்க யாருக்கும் மனசு வருவதில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் “பாவம், அதுவும் இருந்துட்டுப் போகட்டுமே” என்பார்கள். இருக்கவிட்டால் பெட்டி நிறைய இலையும், அடியில் எலிவால் மாதிரி வேரும்தான் மிஞ்சும்.

இரண்டு தடவையாகச் செய்யுங்கள். விதையிலைக்குப் பின் வருகிற முதல் உண்மையிலை விரிந்ததும், ஏறக்குறைய எட்டு முதல் பத்து நாளில், நாலு செ.மீ.க்கு ஒன்றாக. அடுத்து, நாலைந்து இலை வந்ததும் எட்டு முதல் பத்து செ.மீ.க்கு ஒன்றாக. கையால் பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். சின்னக் கத்தரிக்கோலால் மண்ணோடு ஒட்டி வெட்டிவிடுவதே சரி. எதை வைத்துக்கொள்வது என்பதற்கு உயரத்தைப் பார்க்காதீர்கள். குனிந்து கழுத்தைப் பாருங்கள். நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்திருப்பதன் அடித்தண்டு நூலாக இருக்கும். குட்டையாக, இலை மண்ணையொட்டி வட்டமாக விரிந்திருப்பதன் அடித்தண்டு கொஞ்சம் தடித்து, வெண்மை படர்ந்து, தோலில் மெல்லிய வெடிப்புக்கூடத் தெரியும். அந்த வெடிப்பைப் பார்த்து நோய் என்று நினைக்க வேண்டாம். உள்ளே பருக்கத் தொடங்கிவிட்டதால் பழைய தோல் கிழிகிறது. அதுதான் கிழங்கு வைக்கப்போகிற செடி.

கடைசியில் ஒரு பெட்டிக்குப் பதினைந்து செடிபோல நிற்கும். வெட்டியதை வீசாதீர்கள். முதல் தடவை வெட்டியது தோசைமாவில் தூவ, இரண்டாம் தடவை வெட்டியது ஒருவேளைப் பொரியலுக்குத் துணையாக.

கலைத்து முடித்ததும், வெளியே தெரியும் அடித்தண்டு மூடுகிற மாதிரி கொஞ்சம் மண் அணைத்து, மேலே காய்ந்த இலையோ வைக்கோலோ நார்க்கழிவோ இரண்டு செ.மீ. மூடாக்குப் போடுங்கள். மண்சூட்டைக் குறைக்க இவ்வளவு சுலபமான வழி வேறில்லை. சிலர் பனிக்கட்டியைக் கொண்டுவந்து மண்ணில் கொட்டுவார்கள். அரைமணி நேரத்தில் உருகிப் போவதற்கு அவ்வளவு பாடு எதற்கு?

தண்ணீரும் உரமும்

மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், சொதசொதவென்று இருக்கக் கூடாது. விரலை இரண்டு கணு விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். வெயில் நாளில் காலை, மாலை இரண்டு வேளையும் தேவைப்படலாம். மழைச் சாரல் அடிக்கும் தாழ்வாரத்தில் ஒருநாள் விட்டுக்கூட ஊற்றலாம். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றுவதுதான் கெடுதல். காய்ந்து இறுகிய கிழங்கு திடீரென்று தண்ணீர் குடித்து ஊதி வெடித்துவிடும். வாரக் கடைசியில் ஜொகூர் பக்கமோ எங்கேயோ போகிறீர்கள் என்றால் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

உரத்தில் தாராளம் வேண்டாம். தழைச்சத்து மிகுந்தால் இலை மட்டும் அடர்ந்து கிழங்கு வைக்காது. மண்ணில் மட்கு உரம் கலந்திருக்கிறோம், முதல் இரண்டு வாரத்துக்கு அது போதும். அப்புறம் வாரம் ஒருமுறை, சாம்பல்சத்து கூடுதலாக உள்ள திரவ உரத்தைப் பாதி அளவு நீர்த்து ஊற்றுங்கள். பொட்டலத்தில் மூன்று எண் போட்டிருக்கும். அதில் கடைசி எண் பெரிதாக இருப்பதை எடுங்கள். கடற்பாசிச் சாறும் நல்லது, அதில் போரான் போன்ற நுண்சத்துகள் கொஞ்சம் கிடைக்கும். போரான் குறைந்தால் கிழங்கின் நடுப்பகுதி பழுப்பாகிப்போகும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். கோழி எரு உருண்டைகள் மலிவுதான், ஆனால் தாழ்வாரத்தில் போட்டால் மழை ஈரத்தில் அந்த நாற்றம் மாடி முழுக்கப் பரவும். பக்கத்து வீட்டோடு பகை வேண்டுமென்றால் போடுங்கள்.

பூச்சிகள்

டர்னிப்பும் சாய் சிம்மும் சியாவ் பாய் சாயும் ஒரே இனத்தின் வெவ்வேறு வடிவங்கள்தான். சிங்கப்பூரில் அந்தக் கீரைகளை வளர்க்காத தோட்டம் கிடையாது, அவற்றைத் தின்னும் பூச்சிகளும் எப்போதும் இங்கேயே இருக்கின்றன. குளிர்நாட்டில் பனிக்காலம் வந்தால் பூச்சிக்கு விடுமுறை. இங்கே வருடம் முழுக்க அதற்கு வேலை நாள். இதனால்தான் முதல் நாளே வலை போடச் சொன்னேன். கண்ணி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும் வெள்ளைப் பூச்சிவலையைக் கம்பி வளைவுகள்மேல் விரித்து, பெட்டியைச் சுற்றிக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள். ஒரு ஓரம் திறந்திருந்தாலும் போதும், அந்துப்பூச்சி உள்ளே போய்விடும்.

இலையில் ஊசியால் குத்தியதுபோல நிறையப் பொடித்துளை இருந்தால் அது தெள்ளு வண்டு. கடுகளவு கறுப்பு வண்டு, முதுகில் மஞ்சள் கோடு, கையைக் கொண்டுபோனால் துள்ளி மறையும். நாலு இலை வருவதற்குள் வந்தால்தான் ஆபத்து. பெரிய செடி தாங்கிக்கொள்ளும். வலைக்குள் ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிடலாம்.

இலையின் அடிப்பக்கம் சுரண்டித் தின்று, மேல்தோலைக் கண்ணாடித்தாள் மாதிரி விட்டு வைத்திருந்தால் வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு. ஒரு செ.மீ. நீளம், இளம்பச்சை. தொட்டால் நெளிந்துகொண்டு நூல் பிடித்துக் கீழே இறங்கும்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது குருத்துப்புழுவுக்குத்தான். செடி நன்றாக இருக்கும், வெளி இலையெல்லாம் பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் நாலு நாளாகப் புது இலை வந்திருக்காது. நடுக்குருத்தை இரண்டு விரலால் விலக்கிப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி மெல்லிய வலை, அதில் பச்சைத் தூளாகப் புழுக்கை, உள்ளே கருந்தலையும் பழுப்புக் கோடுகளும் கொண்ட சின்னப் புழு ஒன்று குருத்தையே துளைத்துக்கொண்டிருக்கும். குருத்து போனால் அந்தச் செடி போனதுதான். பக்கத்தில் நாலைந்து குட்டிக் குருத்து வெடிக்கும், கிழங்கு வராது. ஆகவே வலை போட்டிருந்தாலும் வாரம் இருமுறை ஒவ்வொரு செடியின் நடுவையும் பாருங்கள். பதினைந்து செடிக்கு ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஆகும்.

கையால் எடுத்து நசுக்குவது முதல் மருந்து. அதை மீறினால் பி.டி. எனப்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியா மருந்து. இதில் இரண்டு வகை உண்டு. சாக்கடையிலும் பூத்தட்டிலும் கொசுப்புழுவைக் கொல்லப் போடுவது இஸ்ரேலென்சிஸ் வகை. அது இலைப்புழுவை ஒன்றும் செய்யாது. குர்ஸ்டாக்கி என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில், இலையின் அடிப்பக்கமும் நனையும்படி தெளிக்க வேண்டும். புழு அதைத் தின்றால்தான் சாகும், மேலே பட்டதும் சாகாது. தெளித்த மறுநாள் புழு நடமாடுகிறதே என்று பதற வேண்டாம்.

இலையில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெயிலில் தெளித்தால் இலை கருகும். சமூகத் தோட்டத்தில் ஆப்பிரிக்க நத்தை வரும். வெறுங்கையால் தொடக் கூடாது, மனிதருக்கு நோய் தரும் ஒட்டுண்ணி அதில் இருக்கலாம். கையுறையோ இடுக்கியோ வைத்துக்கொள்ளுங்கள்.

பிடுங்குவது

25 நாள்போல ஆனதும் வெளிவட்டத்து இலையில் செடிக்கு ஒன்றிரண்டு பறிக்கத் தொடங்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் கிழங்குக்குச் சோறு போடுகிறவரை அனுப்பிவிட்ட கதைதான்.

30 நாளுக்கு அப்புறம் தினமும் தோளைப் பாருங்கள். மூடாக்கை விலக்கி, கிழங்கின் மேல்பகுதியைச் சுற்றி விரலால் மண்ணைத் தள்ளினால் அகலம் தெரிந்துவிடும். மூன்று செ.மீ. ஆகிவிட்டால் பிடுங்கலாம், ஐந்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். இன்னும் ஒரு வாரம் விட்டால் இரண்டு மடங்காகும் என்ற நப்பாசை இங்கே பலிக்காது. ஆகிறது கொஞ்சம், நாரோடுவது நிறைய. எல்லாம் ஒரே சமயத்தில் பருக்காது, பெரியதைப் பிடுங்கினால் பக்கத்தில் இருப்பதற்கு இடம் கிடைத்து அதுவும் தேறும். 50 நாள் ஆகியும் அடித்தண்டு பென்சில் கனத்திலேயே இருந்தால் அதற்குமேல் நம்பிக்கை வைக்காமல் கீரையாக வெட்டிவிடுங்கள்.

காலையில் பிடுங்குவது நல்லது, இரவு ஈரம் இருக்கும், இலை விறைப்பாக இருக்கும். இலைக்காம்புகளைக் கொத்தாகக் கழுத்தருகில் பிடித்து நேராக மேலே இழுங்கள். பிடுங்கியதும் இரண்டு செ.மீ. காம்பு விட்டு இலையை வெட்டித் தனியே வையுங்கள். வெட்டாமல் வைத்தால் இலை கிழங்கிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, மறுநாளே கிழங்கு தொளதொளத்துவிடும். கிழங்கு குளிர்சாதனப் பெட்டியில் ஒன்றிரண்டு வாரம் நிற்கும். இலையை ஈரத்துணியில் சுற்றி இரண்டு மூன்று நாளுக்குள் சமைத்துவிடுங்கள்.

பிஞ்சுக்குத் தோல் சீவ வேண்டியதில்லை. மெல்லிய வில்லையாக அரிந்து உப்பு, எலுமிச்சை, பச்சைமிளகாய் போட்டுப் பத்து நிமிடம் வைத்தால் தயிர்ச்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம். சாம்பாரில் முள்ளங்கிக்குப் பதில் போடலாம், அந்த நெடி இருக்காது. கீரையைப் பாசிப்பருப்புக் கூட்டாக வைப்பது நம் வழி. சம்பால் பிளாச்சான் போட்டு அதிகத் தீயில் ஒரு புரட்டுப் புரட்டுவது இந்த ஊர் வழி. என்னைக் கேட்டால் டர்னிப் கீரைக்கு இரண்டாவதுதான் பொருத்தம். லேசான கசப்பு அந்தக் காரத்தில் அடங்கிவிடும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கீரையில் வைட்டமின் கே அதிகம்.

அடுத்த போகம்

பெட்டி காலியானதும் உடனே அதில் மறுபடி டர்னிப்போ சாய் சிம்மோ போடாதீர்கள். அந்தக் குடும்பத்துப் பூச்சியும் நோயும் மண்ணில் காத்திருக்கும். வேர்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு, இரண்டு கைப்பிடி மண்புழு உரம் கலந்து, பயற்றங்காயோ தண்டுக்கீரையோ ஒரு போகம் எடுங்கள். பிடுங்கிய டர்னிப் வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரிந்தால் அந்த மண்ணை இந்தக் குடும்பச் செடிகளுக்கு மறுபடி பயன்படுத்தவே வேண்டாம்.

ஒரு செடியை விட்டு வைத்து விதை எடுக்கலாம் என்று நினைப்போம். டர்னிப் பூப்பதற்குச் சில வாரம் குளிர் பட வேண்டும். இங்கே அது கிடைக்காததால் பெரும்பாலும் பூக்காமலே முற்றி அழுகிவிடும். கடையில் வாங்கும் ஜப்பானிய ரகங்கள் பலவும் கலப்பினம் என்பதால், பூத்து விதை கிடைத்தாலும் தாய்ச்செடி மாதிரி வராது. பொட்டலத்தில் மிஞ்சிய விதையைப் பத்திரப்படுத்துவதுதான் லாபம். காற்றுப் புகாத டப்பாவில், மருந்து டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை ஒன்றைப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். நாலு ஆண்டுவரை முளைக்கும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காமல், டப்பா அறைச் சூட்டுக்கு வந்தபிறகு திறங்கள், இல்லாவிட்டால் உள்ளே ஈரம் படிந்து மிச்ச விதையும் கெட்டுவிடும்.